நிலம் யார் பெயரில்? நம்பிக்கையோடு பண்ணை தொடங்க நினைப்பவர்களுக்கு

கேள்வி இது: "எங்கள் வழிபாட்டுக் குழுவிடம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நன்கொடையும் ஓரளவு சேர்ந்திருக்கிறது. கடவுள் பணியாக நினைத்து ஒரு பண்ணை தொடங்கி, யாரும் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கு ஒரு வழி செய்ய விரும்புகிறோம். இப்படிச் செய்து நிலைத்தவர்கள் உண்டா? எங்கே தவறுவார்கள்?"

உண்டு. பல நாடுகளில், பல சமயங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். சிலருடைய பண்ணை மூடிப் பல காலம் ஆகியும் அவர்கள் கொடுத்துவிட்டுப் போனது மக்கள் கையில் இருக்கிறது. வேறு சில இடங்களில் பண்ணை போனபோது எல்லாமே அதோடு போய்விட்டது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு வெகுநாளாக இருக்கும் கேள்வி. எனக்குத் தெரிந்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பண்ணை எத்தனை மூட்டை விளைவிக்கிறது என்பது இரண்டாம் பட்சம். நிலமோ கால்நடையோ கைத்தொழிலோ, ஏதாவது ஒன்று உங்கள் பெயரிலிருந்து அவர்கள் பெயருக்கு மாறுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சமய மரபுகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்கிறது. விளைந்ததில் பங்கு கொடுப்பது ஒரு வழி. இஸ்லாத்தில் விளைச்சலுக்கு உரிய ஜகாத், மழையால் விளைந்தால் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று. உழவனுக்கு ஆகும் செலவையும் உடம்பு நோவையும் கணக்கில் எடுத்த விகிதம் அது. யூத மரபின் பழைய சட்டம், வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஐம்பதாவது ஆண்டில், கஷ்டத்தில் விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். கதிர் பொறுக்குபவர் அன்று இரவு பசியாறுவார், ஆனால் அடுத்த அறுப்புக்கும் இன்னொருவர் வயல் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். நிலம் திரும்பியவரின் கதை அப்படி இல்லை. உங்கள் குழு வாய்ப்பு உருவாக்க நினைப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பேசுவது இரண்டாவது விதியைப் பற்றி. அது முதலாவதைவிடப் பல மடங்கு கடினம்.

எவ்வளவு கடினம் என்பதற்கு, நிலத்தைத் தானமாகக் கேட்டு நடந்த பூதான இயக்கமே சாட்சி. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் வேண்டுமென்று காந்தியவாதி வினோபா பாவேயிடம் கேட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அதைக் கடவுளின் குறிப்பாக எடுத்துக்கொண்டு வினோபா நாடு முழுக்க நடந்தார். 5 கோடி ஏக்கர் கேட்டார், வாக்குறுதியாகக் கிடைத்தது 40 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஒரு மனிதர் கால்நடையாகப் போய்க் கேட்டு வாங்கியது என்று பார்த்தால் அது பிரமிப்பான அளவு. ஆனால் அதில் பெரும் பகுதி நிலமற்றவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. சில நிலம் பாறை, சில நிலம் வழக்கில் இருந்தது, சிலவற்றுக்குக் கொடுத்தவரின் வாரிசுகள் ஒப்பவில்லை. மேடையில் உருகிய மனதுக்கும் பத்திரப் பதிவுக்கும் இடையே இருந்த தூரத்தை நடந்து கடக்க ஆள் போதவில்லை.

அந்தத் தூரத்தை நடந்த இருவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். இருவரும் வினோபாவோடு நடந்தவர்கள். சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என்று காத்திருந்து 1950-ல் மணம் செய்துகொண்டவர்கள். கிருஷ்ணம்மாள் வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதியிடம் ஆழ்ந்த பற்றுள்ளவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலித் தகராறின் முடிவில் ஒரே குடிசைக்குள் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பிறகு இந்தத் தம்பதி அந்தப் பகுதிக்கே வந்து தங்கிவிட்டார்கள். 1981-ல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தை, அதாவது லாஃப்டியைத் தொடங்கினார்கள்.

லாஃப்டி செய்ததை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பாடம் அதில் இருக்கிறது. அவர்கள் தானம் கேட்பதை நிறுத்திவிட்டு விலை பேசினார்கள். நிலத்தை விற்க நினைக்கும் நிலக்கிழாரையும் வாங்க வழியில்லாத கூலிக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார்கள். வங்கிக் கடனுக்கும் அரசு உதவிக்கும் அலைந்தார்கள். குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர். பத்திரம் பெண்ணின் பெயரில். விளைச்சலிலிருந்து அந்தக் குடும்பமே கடனை அடைக்கும். இப்படிச் சுமார் 13,000 ஏக்கர், ஏறத்தாழ அத்தனை குடும்பங்களுக்கு மாறியது. வயலில் வேலையில்லாத மாதங்களுக்குப் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை என்று பயிற்சிகளும் நடந்தன. 2008-ல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

இதில் மூன்று விஷயங்களை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒன்று, நிலம் இலவசமாகப் போகவில்லை. கடன் கட்டிய குடும்பத்திடம் யாரும் வந்து "நாங்கள் போட்ட பிச்சை" என்று சொல்ல முடியாது. இரண்டு, பெண் பெயரில் பத்திரம். குடிக்கோ கடனுக்கோ ஒரே இரவில் நிலம் கைமாறிவிடாமல் இருக்க இதைவிட எளிய காவல் எனக்குத் தெரியவில்லை. மூன்று, நிலம் ஒரு நாளும் லாஃப்டியின் பண்ணையாக ஆகவில்லை. வாங்கிய உடனே பிரிந்து போனது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு மாதிரிப் பண்ணை நடத்தியிருக்க முடியும், பார்க்க வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர்கள் அதைச் செய்யாததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

நிலம் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதையும் அவர்கள் கதையே சொல்கிறது. 1990-களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. உப்புநீர் அக்கம்பக்கத்து வயலிலும் குடிநீரிலும் இறங்கியது. கையில் பத்திரம் இருந்து என்ன, மண் உப்பேறினால்? ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஏழைக்கு நிலம் கொடுப்பவர், அந்த நிலத்துக்கு வரும் நீரின் மேலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

இனி கால்நடை. நிலம் மாற்றிக்கொடுக்க முடியாத குழுக்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது சர்ச் ஆஃப் த பிரெத்ரன் சபையைச் சேர்ந்த டான் வெஸ்ட் என்ற அமெரிக்க விவசாயி அகதிகளுக்குப் பால் ஊற்றிக்கொடுக்கும் வேலையில் இருந்தார். பால் தீர்ந்துபோகும், வரிசை மட்டும் தீராது. குவளைப் பாலுக்குப் பதில் ஒரு மாடு கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1944-ல் முதல் கிடேரிகள் கப்பலேறி பியூர்டோ ரிக்கோ போயின. நிபந்தனை ஒன்றே ஒன்று. பெறும் குடும்பம், பிறக்கும் முதல் பெண் கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியவரே அடுத்த நாள் கொடுப்பவராக ஆகிறார். ஊரில் அவர் நிற்கும் நிலையே அதனால் மாறிவிடுகிறது. ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அதிலிருந்துதான் வளர்ந்தது.

ஃபேனி லூ ஹேமரின் பன்றி வங்கியும் ஏறக்குறைய அதே யோசனைதான். அதை நான் இன்னும் நெருக்கமாக உணர்கிறேன், ஏனென்றால் கொடுத்தவரே ஏழை. அமெரிக்காவின் மிசிசிப்பியில், விளைச்சலில் ஒரு பங்குக்காக அடுத்தவர் நிலத்தில் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். 1962-ல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக, 18 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். சிறையில் அடிபட்ட பிறகும் பக்திப் பாடல் பாடிய பெண். பசியோடு இருப்பவரை ஓட்டுக்காக யாரும் மிரட்டலாம், கிடங்கில் உணவு இருப்பவரை மிரட்ட முடியாது என்பது அவர் அனுபவத்தில் கண்டது. கறுப்பினப் பெண்களின் தேசியப் பேரவை உதவியோடு 1960-களின் இறுதியில் சன்ஃப்ளவர் மாவட்டத்தில் பன்றி வங்கி தொடங்கினார். சினைப் பன்றியை ஒரு குடும்பம் எடுத்துப்போய் வளர்க்கும். குட்டி போட்டதும் குட்டிகள் அவர்களுடையவை, தாய் வங்கிக்குத் திரும்பும், அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

கூடவே 1969-ல் 40 ஏக்கர் வாங்கி விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு என்று தொடங்கினார். சில வருடங்களில் அது ஏறத்தாழ 680 ஏக்கர் ஆனது. காய்கறி உறுப்பினர்களின் வீட்டுக்கு, பருத்தியும் சோயாவும் நிலத்தின் தவணைக்கு. உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர். அதைக்கூடக் கட்ட முடிந்தவை சுமார் 30 குடும்பங்கள், பெயரளவில் சேர்ந்திருந்தவை 1,500. பிறகு சூறாவளி, வறட்சி, வெள்ளம் வரிசையாக வந்தன. நன்கொடை குறைந்தது. ஹேமரின் உடல்நிலையும் சரிந்தது. தவணையும் வரியும் கட்ட முடியாமல் 1970-களின் நடுவில் நிலம் கையை விட்டுப் போனது. 1977-ல் அவர் இறந்தார்.

இதைத் தோல்வி என்று ஒரு வார்த்தையில் எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்த வருடங்களில் தலைகுனியாமல் சாப்பிட்டன. ஆனாலும் உங்களைப் போன்ற குழு இதிலிருந்து கற்க வேண்டியதைக் கற்காமல் போனால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பெரிய நிலம், மொத்தக் கடன், ஒரே தலைவர், வெளி நன்கொடை என்று நான்கும் ஒரே கயிற்றில் தொங்கின. ஒரு கெட்ட பருவம் அந்தக் கயிற்றை அறுத்தது. பன்றியோ வீட்டுக்கு வீடு பிரிந்து போயிருந்தது. கூட்டுறவின் நிலத்தை ஜப்தி செய்யலாம், ஒரு வீட்டின் பின்கட்டில் நிற்கும் குட்டியை அந்தக் கடனுக்காக யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாது.

மூன்றாவது, தொழில் அறிவு. இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் இருக்கிறது. ஹெரால்ட் வாட்சன் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி 1971-ல் பன்சாலன் என்ற ஊருக்கு மேலே, மழை அரித்த ஒரு சரிவு நிலத்தில் மையம் ஒன்று தொடங்கினார். சுற்றிலும் மலையடிவார விவசாயிகள். வருடத்துக்கு வருடம் மக்காச்சோளம் குறைந்துகொண்டே வந்தது. விதையை மாற்றினாலும் உரம் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் மேல்மண்ணே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1978-ல் அவர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். சரிவு நில வேளாண் தொழில்நுட்பம், சுருக்கமாக சால்ட்.

அதற்கு வேண்டிய கருவி மூன்று கழிகள், ஒரு கயிறு, ஒரு கல். கழிகளை ஆங்கில ஏ எழுத்து வடிவில் கட்டி, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட்டால் எந்த இரண்டு புள்ளிகள் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்று தெரியும். அப்படியே மலையைச் சுற்றிக் குறி வைத்துக்கொண்டே போகலாம். அந்தக் குறியின் மேல் நான்கைந்து மீட்டருக்கு ஒன்றாக, வேரில் தழைச்சத்து சேர்க்கும் செடிகளை இரட்டை வரிசையாக நெருக்கி விதைப்பார்கள். வளர்ந்ததும் இடுப்பளவுக்கு வெட்டி, தழையை இடையில் உள்ள பயிருக்கு மூடாக்காகப் போடுவார்கள். அரித்து வரும் மண் இந்தச் செடி வேலியில் தங்கித் தங்கி, சில வருடங்களில் சரிவு தானாகவே படிப்படியாக மாறும். வேலிகளுக்கு இடையே உள்ள நிலப் பட்டைகளில் மூன்றுக்கு ஒன்றில் காபி, கொக்கோ, வாழை போன்ற நீண்ட காலப் பயிர். மற்றவற்றில் மக்காச்சோளமும் பயறும் மாறி மாறி. ஒரே பயிரை நம்பியிருந்த வீட்டுக்கு வருடம் முழுக்க ஏதாவது ஒன்று விற்கக் கிடைக்கும்.

முதலில் அவர்கள் சவுண்டல் எனப்படும் சூபாபுல்லை வேலியாக வைத்தார்கள். 1980-களின் நடுவில் சாறுறிஞ்சிப் பூச்சி ஒன்று வந்து அந்த மரத்தை ஒட்டுமொத்தமாகத் தாக்கியது. வேறு பயறு வகைச் செடிகளைக் கலந்து வைத்து முறையைத் திருத்திக்கொண்டார்கள். தவறு நேர்ந்ததும் திருத்திய இந்தப் பணிவை நான் பக்தியின் ஒரு வடிவமாகவே பார்க்கிறேன். வீட்டுத் தோட்டத்துக்கும் அவர்கள் ஒரு முறை வகுத்தார்கள். பாத்தியில் மூங்கில் கூடைகளைப் புதைத்து அவற்றுக்குள் சாணமும் தழையும் நிரப்பி, சுற்றிலும் காய்கறி விதைப்பது. 'வீட்டில் எப்போதும் உணவு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'ஃபெய்த்' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்று அர்த்தம். 1985-ல் வாட்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

கழியும் கயிறும் கல்லும் எந்தச் சபைக்கும் சொந்தமில்லை. ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவர் பிடித்தாலும் அது சரியாகவே மட்டம் காட்டும். உங்கள் குழு கற்றுக்கொடுக்கும் எதற்கும் இதே சோதனையை வையுங்கள்: எங்கள் கடவுளை ஏற்காத ஒருவர், எங்களிடம் எதுவும் வாங்காமல், இதைத் தன் நிலத்தில் செய்ய முடியுமா?

சால்ட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. அது நம்மை முதல் கேள்விக்கே திருப்பி அனுப்புகிறது. வேலி வளர வருடங்கள் ஆகும். குத்தகை நிலத்தில் உழுபவர் இன்னொருவர் மண்ணைக் காக்க ஏன் மரம் நட வேண்டும்? மண் தேறியதும் நிலத்துக்காரர் திரும்பக் கேட்டால்? மலைப்பகுதிகளில் இத்தகைய முறைகள் பரவாமல் நின்றதற்கு நில உரிமை இல்லாததும், வெட்டி மூடாக்கிட ஆள்பலம் போதாததும் முக்கியக் காரணங்கள். அறிவை மட்டும் கொடுத்துவிட்டு உரிமையைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அறிவின் பலன் நிலம் வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும்.

ஜிம்பாப்வேயில் பிரையன் ஓல்ட்ரீவ் தொடங்கியதும் இப்படிப்பட்ட ஒன்று. தன் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று புகையிலை விவசாயத்தைக் கைவிட்டவர். 1980-களில், காட்டில் யாரும் உழுவதில்லையே, மண்ணை இலை மூடியே இருக்கிறதே என்று பார்த்து, உழாமல் சிறு குழிகள் எடுத்து விதைக்கும் முறைக்கு வந்தார். மூடாக்கை அந்த வட்டாரங்களில் கடவுளின் போர்வை என்கிறார்கள். குழியில் மட்டும் எருவும் விதையும் போடுவதால் ஏர் மாடு இல்லாத விதவைகூடப் பருவத்தில் விதைத்துவிடலாம். இதை ஒட்டிய குழி நடவு முறையையே 2020-லிருந்து அந்நாட்டு அரசு பெரிய அளவில் பரப்பியது. 39 மீட்டருக்கு 16 மீட்டர் துண்டு நிலம், ஒரு குடும்பத்துக்கு ஒரு வருட மக்காச்சோளம் என்பது அதன் கணக்கு. ஆனால் குழி வெட்டுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகின்றன. மூடாக்குக்கு வேண்டிய தட்டையை மாடுகள் மேய்ந்துவிடுகின்றன. இலவச விதையும் உரமும் நின்றால் குழி எடுப்பதும் நின்றுவிடுவதுண்டு. இந்த முறையைக் கடவுளே அருளியதாகப் போதித்தால் அதில் உள்ள குறையை யார் வாய் திறந்து சொல்வார்கள்? ஒரு சாகுபடி முறையை வேதத்தோடு ஒட்டிவிடாதீர்கள். பொய்த்தால் இரண்டின் மேலும் மக்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

நிலமே இல்லாதவர்களுக்குத் தொழில் அறிவு எப்படிச் சோறு போடும் என்பதற்கு மார்த்தாண்டம் போதும். திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1910-களில் நம் ஊர்த் தேனீயின் அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் அதற்குப் பெயர். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கே. டி. பால் முன்னெடுத்த கிராம மறுசீரமைப்பு வேலையில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் மையம் நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி, கூட்டுறவு விற்பனை எல்லாம் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டன. தேனீக்கு நிலம் வேண்டாம், அடுத்தவர் தோட்டத்தில் தேன் எடுத்து வரும். இரண்டு பெட்டி வைக்க வீட்டுத் திண்ணை போதும். 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. அப்போதும் தொழில் அறிவு ஊரில் இருந்ததால், மிஞ்சிய கூட்டங்களிலிருந்து மறுபடி பெருக்கினார்கள். தொடங்கிய வெளிநாட்டவர் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்து நடந்தது இது.

அப்படியானால் நம்பிக்கை எதற்கு? இதையெல்லாம் அரசோ வங்கியோ செய்யலாமே என்று உங்களிடம் கேட்பார்கள். என் பதில், போகாமல் இருப்பதற்கு. திட்டத்துக்கு மூன்று வருடக் காலக்கெடு இருக்கும், மண் தேற அதைவிட அதிக காலம் பிடிக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கிளாரன்ஸ் ஜோர்டன் 1942-ல் தொடங்கிய கொய்னோனியா பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயப் பட்டமும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூலி வாங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். 1950-களில் ஊர் அவர்களை ஒதுக்கி வைத்தது. விதையும் உரமும் விற்க மறுத்தார்கள், காப்பீடு ரத்தானது, சாலையோரக் கடைக்குக் குண்டு வைத்தார்கள். லாபத்துக்காக வந்தவர் யாராக இருந்தாலும் அந்த மாதமே கிளம்பியிருப்பார். அவர்கள் பீக்கன் கொட்டைகளைத் தபாலில் வெளியூர்களுக்கு விற்று உயிர் பிழைத்தார்கள். உள்ளூர்ச் சந்தை கதவடைத்தபோது, அதே நம்பிக்கை கொண்ட தூரத்து மனிதர்கள் வாங்கினார்கள். உங்கள் குழுவிடமும் அந்தச் சொத்து இருக்கிறது. நகரத்தில் இருக்கும் உங்கள் உறுப்பினர்கள் வருடம் முழுக்க நிலையான விலைக்கு வாங்குவதாக உறுதி சொன்னால், அது ஒரு முறை தரும் நன்கொடையைவிடப் பெரிய உதவி.

பயிற்சி மையம் நடத்த நினைத்தால் பெனின் நாட்டின் போர்டோ நோவோவில் உள்ள சொங்காய் மையத்தைப் பற்றிப் படியுங்கள். டொமினிக்கன் துறவி காட்ஃப்ரி நசமுஜோ 1985-ல் ஒரு ஹெக்டேரில், படிப்பை விட்ட சில இளைஞர்களோடு தொடங்கியது. பயிர், மீன், கோழி, சாண எரிவாயு என ஒன்றின் கழிவு இன்னொன்றின் தீனி. ஜப்பானில் தொஷிஹிரோ தகாமி 1973-ல் நிறுவிய ஆசிய கிராமப்புற நிறுவனத்தில் பல சமயத்தவரும் ஒன்பது மாதம் சேர்ந்து உழுது, சேர்ந்து சமைத்து, ஊர் திரும்புகிறார்கள். இயக்குநரும் சாணம் அள்ளுவார். 2011-ல் ஃபுகுஷிமா அணுவுலை விபத்தின் கதிர்வீச்சு அவர்கள் மண்ணிலும் விழுந்தது. கருவி வாங்கி வைத்து, அக்கம்பக்கத்து மக்களின் உணவையும் மண்ணையும் அளந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.

உங்கள் குழுவுக்கு நேராகச் சில வார்த்தைகள். சேவை என்ற பெயரில் ஏழைகளைச் சம்பளமில்லாமல் வேலை வாங்காதீர்கள். உங்கள் உறுப்பினர் சம்பளமில்லாமல் உழைத்தால் அது காணிக்கை, கூலிக்காரர் அப்படி உழைத்தால் பறிப்பு. வழிபாட்டுக்கு வருவதை விதைக்கோ பயிற்சிக்கோ நிபந்தனையாக்காதீர்கள். பிடிக்காதவர் வாயால் சொல்லமாட்டார், வராமல் நின்றுவிடுவார். மிகவும் தேவையுள்ளவரே அவராக இருக்கலாம். அறங்காவலர் குழுவில் நிலமற்ற பெண்கள் இருவராவது, வாக்குரிமையோடு உட்காரட்டும். ஒருவர் மட்டும் என்றால் மற்றவர் முன்னால் பேசமாட்டார்.

பெரும்பாலான குழுக்கள் தயங்குவது நிலத்தைக் கைமாற்றுவதில்தான். கோயிலுக்கோ சபைக்கோ பள்ளிவாசலுக்கோ எழுதிவைத்த நிலத்தை விற்கவோ கொடுக்கவோ சட்டத் தடைகள் இருக்கக்கூடும், அதை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். விற்க முடியாது என்றால் நீண்ட காலக் குத்தகையைப் பதிவு செய்து கொடுக்கலாம். வாரிசுக்குத் தொடரும்படியும், நட்ட மரத்துக்கும் வெட்டிய கிணற்றுக்கும் ஈடு உண்டு என்றும் அதில் எழுத வேண்டும். விற்க முடியும் என்றால், தவணையில் எந்த வருடம் யார் பெயருக்குப் போகும் என்பதை முதல் ஏர் ஓட்டும் முன்பே பத்திரத்தில் எழுதுங்கள். விளைச்சல் நன்றாக வந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நன்றாக விளையும் நிலத்தைக் கொடுக்க மனம் வருவதில்லை, நல்லவர்களுக்கும்தான்.

முதல் வருடம் ஒரு சின்னத் துண்டில் மட்டும் சாகுபடி செய்யுங்கள். மீதி நேரத்தில் கிராமங்களில் நடந்து, யார் யார் நிலத்தில் உழுகிறார்கள், வேலையில்லாத மாதங்கள் எவை, கடன் யாரிடம், கிணற்றில் தண்ணீர் எத்தனை மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்தின் அளவு, தண்ணீர் நிலவரம், இப்போது அதில் யார் உழுகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால், நிலம், கால்நடை, தொழில் ஆகிய மூன்றில் எதிலிருந்து தொடங்குவது உங்களுக்குப் பொருந்தும் என்று இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.